காற்றைப் பார்த்து நடந்த காலை

என் கணவருடைய மூக்கு செத்துவிட்டது என்றே அந்நாளில் எங்கள் குடும்பம் நம்பியிருந்தது. மருத்துவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. "நரம்பு மறுபடி வளருமென்றால் இதற்குள் வளர்ந்திருக்கும்" என்றுதான் மஸ்கட்டின் ரூவியில் நாங்கள் பார்க்கும் மலையாளி டாக்டர் பக்குவமாகச் சொன்னார். நாங்கள் அதைச் சுருக்கிக்கொண்டோம். சவுதியில் தம்மாமில் வேலை பார்க்கும் என் கொழுந்தன் இசக்கி தொலைபேசியில் இன்னும் சுருக்கினான்.

"அண்ணனுக்கு மூக்கு போச்சுல்லா மதினி. இனி என்னத்துக்கு அந்த மணல்ல கெடக்கணும்? ஊருக்குப் போகச் சொல்லுங்க."

இந்த நம்பிக்கை எங்களுக்குள் எவ்வளவு ஊறியிருந்தது என்றால், ஜப்பானின் தெற்குத் தீவில் ஆசோ என்னும் எரிமலைக்கு வடக்கே ஒரு சிற்றூருக்குள் எங்கள் கார் இறங்கிய மாலையில், நானும் என் மகளும் பேசாமலே ஒரு சதி செய்தோம்.

கோமதிதான் காரை ஓட்டினாள். எங்களுக்கு ஒரே மகள். மஸ்கட்டில் வளர்ந்து, படித்து, இப்போது அந்தத் தீவில் மின்சில்லு தயாரிக்கும் ஆலையொன்றில் பொறியாளராக இருக்கிறாள். மலைப்பாதையின் கடைசி வளைவில் ஊர் தெரிந்தது. வீட்டு முற்றங்களிலிருந்தும் ஆற்றங்கரையிலிருந்தும் தெருவோரத்துக் கற்களுக்கு இடையிலிருந்தும் வெண்ணிற ஆவி எழுந்துகொண்டிருந்தது. மண்ணுக்கு அடியில் யாரோ பெரிய கல்யாணத்துக்குச் சோறு வடிப்பதுபோல.

அடுத்த கணம் அந்த மணம் காருக்குள் வந்தது. அவித்த முட்டையை டிபன் கேரியரில் மறந்து, விடுமுறை முடிந்து திறந்தால் என்ன மணக்குமோ அது. கோமதியின் மூக்கு சுருங்கியது. கண்ணாடி வழியே என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று நான் மெல்லத் தலையசைத்தேன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

முன்னிருக்கையில் இருந்த என் கணவர் அமைதியாக ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லா வீட்லயும் குளிக்க வெந்நி போட்டிருக்கான் போலுக்கு" என்றார்.

உலகத்தில் எத்தனையோ மணங்கள் உண்டு. அவற்றுள் இந்த ஒன்றைத் தன்னால் முகர முடியவில்லை என்று அவர் அறிவதை நாங்கள் விரும்பவில்லை. ஏன் என்பதற்கு நான் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

முதல் பாடம்

என் கணவர் சுப்பையா ஓமானின் உட்பாலைவனத்து எண்ணெய் வயல்களில் கேஸ் டெஸ்டராக இருந்தவர். சில கிணறுகளில் எண்ணெயோடு ஒரு நச்சுக்காற்றும் மேலே வரும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டையாக மணக்கும். அதிகமானால் முதலில் மூக்கை மரத்துப்போகச் செய்யும். மணம் போய்விட்டதே என்று மனிதன் நிம்மதியாக நிற்கும்போது அவனைச் சாய்க்கும். ஆட்கள் வேலைக்கு இறங்குமுன் மீட்டரோடு போய் அந்த இடத்தைச் சோதித்து அனுமதி கொடுப்பது அவர் பணி. பின்னாளில் புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பும் எடுத்தார்.

அந்த வகுப்பைப் பற்றி அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இராமநாதபுரத்துப் பையன்கள், தெலுங்கர்கள், பீகாரிகள், வங்காளிகள், பட்டாணியர்கள், புதிதாக வேலைக்கு வந்த ஓமானி இளைஞர்கள் எல்லாரும் ஒரே தகரக் கொட்டகையில் இருப்பார்கள். எல்லாருக்கும் பொதுவான மொழி, சைட்டில் புழங்கும் அந்த உடைந்த இந்திதான். மணம் வந்தால் ஓடக்கூடாது. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். கம்பத்தில் தொங்கும் காற்றுப்பை அதைக் காட்டும். காற்றுக்குக் குறுக்கே விலகி, பிறகு காற்று வரும் திசையில் மேடேறி, குறித்த இடத்தில் கூட வேண்டும். தலைகளை எண்ண வேண்டும். யாராவது குறைந்தால், மூச்சுக்கருவி அணியாத எவரும் உள்ளே திரும்பிப் போகக்கூடாது. வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

"பாக்னா நை! ஹவா தேக்கோ!" என்று அவர் குரல் கொடுத்தால் கொட்டகை அதிருமாம். ஓடாதே, காற்றைப் பார். கோமதி சின்னவளாக இருந்தபோது, எங்கள் கட்டடத்து நடையில் பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து விளையாடும்போதெல்லாம் இதைத்தான் கத்துவாள்.

அந்தக் கடைசி விதி அவருக்குப் புத்தகத்திலிருந்து வந்ததன்று. திருமணத்துக்கு முன், குழாய் பொருத்தும் வேலையில் அவர் இருந்த காலத்தில், கேம்ப்பில் அவருடைய அறையில் மாரிமுத்து, செல்வராஜ் என்று இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு நாள் செல்வராஜ் ஒரு குழிக்குள் இறங்கி அப்படியே விழுந்தான். விளிம்பில் நின்ற மாரிமுத்து, "ஏலே செல்வா" என்று கூப்பிட்டுக்கொண்டே அவனைத் தூக்க இறங்கினான். அவனும் எழவில்லை. மூன்றாவதாக இறங்கப் போனவர் இவர். பட்டாணியரான ஒரு ஃபோர்மன் பின்னாலிருந்து இவருடைய சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்திவிட்டார். திமிறியும் விடவில்லை.

நண்பர்கள் இருவரும் ஒரே விமானத்தில் ஊருக்குப் போனார்கள், பெட்டிகளில்.

எனக்கு இதை ஒரே ஒரு முறை சொன்னார். புதுக்குடித்தன நாட்களில், எனக்கு உதவியாக வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். அவர் கண்ணீருக்கு வெங்காயத்தைக் காரணமாக்கிக்கொள்ள நான் விட்டுவிட்டேன். கேஸ் டெஸ்டர் பயிற்சிக்குத் தாமாகக் கேட்டுச் சேர்ந்தது அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான்.

சமையலறையில் ஒரு நண்பகல்

கேஸ் டெஸ்டருக்கு மூக்கு தேவையில்லை, மீட்டர்தான் அளக்கும். ஆனால் என் கணவருக்குத் தம் மூக்கின் மேல் ஓர் இரகசியக் கர்வம் இருந்தது. விடுப்பில் வீட்டுக்கு வரும் நாட்களில், படியேறும்போதே ஒவ்வொரு தளத்திலும் என்ன சமையல் என்று சொல்லிக்கொண்டு வருவார். "கீழ் வீட்டு ஆந்திராக்காரங்க இன்னைக்குக் கோங்குரா வதக்குறாங்க. நம்ம வீட்ல ரசத்துக்குப் பெருங்காயம் பத்தல." கதவைத் திறக்குமுன்பே என் ரசத்துக்கு மதிப்பெண் வந்துவிடும். நான் பள்ளி ஆசிரியை. மற்றவர்க்கு மதிப்பெண் போட்டே பழகியவள். எனக்கு அது பிடிக்காததுபோல் காட்டிக்கொள்வேன்.

பெருந்தொற்றுக் காலத்தில் காய்ச்சல் வந்து போனது. போகும்போது மணத்தை எடுத்துக்கொண்டு போனது. முதலில் அவர் அதை வெளியே சொல்லவில்லை. வேலைக்குத் திரும்பினார். மீட்டர் வழக்கம்போல் அளந்தது.

ஒரு விடுமுறை நாளில் நான் பள்ளியில் ஒரு கூட்டம் முடிந்து திரும்பினேன். படிக்கட்டின் திருப்பத்திலேயே சமையல் எரிவாயு மணத்தது. கதவைத் திறந்தேன். அவர் சமையலறை மேசையருகே அமர்ந்து தமிழ்ப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். சிலிண்டரின் ரப்பர்க் குழாய் கழன்றிருந்தது. நான் ஓடிப்போய் வால்வை மூடி, ஜன்னல்களைத் திறந்தேன். அவர் என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரமா இப்படி?" என்று கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்? அந்த வாரமே அவர் வேலையை விட்டார். கம்பெனி மருத்துவர் தகுதிச் சான்று கொடுத்தார். மேலாளர், மீட்டர் இருக்கும்போது மூக்கு எதற்கு என்றார். இவர் கேட்கவில்லை. "அந்தப் பயலுவ முன்னால நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்? பக்கத்துல கெடந்த கேஸே தெரியாதவன் பாடம் சொல்லுதான்னு நெனைக்க மாட்டானா?"

அவரிடம் படித்த ஸாலிம் என்ற ஓமானி இளைஞர், இப்போது ஒரு பயிற்சி நிலையத்தின் பொறுப்பாளர். அவர் விடாமல் அழைத்தார். வாருங்கள், வகுப்பு எடுங்கள், விசா நாங்கள் தருகிறோம் என்றார். இவர் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொன்னார்: "நாக் மாஃபி, ஸாலிம் பாய்." மூக்கு இல்லை. இந்தியில் பாதி, அரபியில் பாதி. மறுமுனையில் ஸாலிம், "நாக் காயிகோ? மீட்டர் ஹை, தும் ஹை, கலாஸ்!" என்று சிரிப்பது எனக்கே கேட்கும். மூக்கு எதற்கு, மீட்டர் இருக்கிறது, நீங்கள் இருக்கிறீர்கள், போதும். இவர் சிரிக்கமாட்டார்.

டாக்டர் சொன்னபடி எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, ஓமானின் லுபான் என்னும் குங்கிலியம், நான்கையும் சிறு புட்டிகளில் வைத்துத் தினமும் முகர்ந்தார். ஒரு நாள் அந்தப் புட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். நான் அவற்றில் கடுகும் சீரகமும் போட்டு வைத்தேன். சாப்பாட்டை மாத்திரை விழுங்குவதுபோல் விழுங்கினார். என் ரசத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. இப்போது என்னுடைய விசாவில் இருந்தார் என்பதால், யாராவது வந்தால் என்னைக் காட்டி, "இவதான் எனக்குக் கஃபீல், விசா குடுத்த மொதலாளி. ஒழுங்கா இல்லன்னா கேன்சல் பண்ணி அனுப்பிருவா" என்று வேடிக்கை பேசுவார். விருந்தினர் போனபின் அந்த வேடிக்கை இருக்காது.

கோமதி பயணச்சீட்டு அனுப்பியது இதையெல்லாம் அறிந்துதான்.

எரிமலைக்குள் ஓடும் ரயில்

நான் பள்ளியில் புவியியல் நடத்துகிறவள். மஸ்கட்டைச் சூழ்ந்து நிற்கும் கரிய மலைகள் ஒரு காலத்தில் கடலடியில் உருகிய குழம்பாக இருந்தவை என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்கிறேன். அவை ஆறிப்போன மலைகள். ஆறாத ஒன்றை நான் பார்த்ததில்லை.

அந்தச் சிற்றூருக்குப் போவதற்கு முன், அதே நாள் காலையில் நாங்கள் ஆசோவைப் பார்த்தோம். அதை மலை என்று சொல்வது கடினம். எப்போதோ வெடித்து உள்ளே அமிழ்ந்த பெரும்பள்ளம். அதைச் சுற்றிக் கோட்டைச் சுவர்போல் மலைவிளிம்பு. அந்தப் பள்ளத்துக்குள் ஊர்கள் இருக்கின்றன, பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, அறுவடையான வயல்களின் நடுவே சின்ன ரயில் ஒன்று ஓடுகிறது. சரிவு முழுவதும் நாணல் பூத்து வெள்ளியாய் அசைந்தது. செந்நிற மாடுகள் எங்களைப் பொருட்படுத்தாமல் மேய்ந்தன. நடுவில் மட்டும் ஒரு சிகரம் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

அந்தச் சிகரத்தின் வாய்வரை போக வழி உண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள் வரக்கூடாது என்று பலகையில் எழுதியிருந்தது. என் கணவர் எரிமலையின் வாயைப் பார்த்தாரோ இல்லையோ, அங்கிருந்த எச்சரிக்கை விளக்குகளையும் ஒலிபெருக்கிகளையும் கான்கிரீட் அறைகளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"காத்து திரும்பிச்சுன்னா இந்த விளக்கு மாறும், ஆளெல்லாம் கீழ போயிரணும். கல்லு பறந்தா இந்த ரூமுக்குள்ள போயிரணும். ஏ செண்பகம், எப்படிப் பண்ணி வச்சிருக்கான் பாரு!"

அடியில் பச்சையும் நீலமும் கலந்த நீர் கொதித்தது. புகை எங்கள் பக்கம் சாய்ந்தபோது நான் இருமினேன். அவர் மட்டும் வேலியருகே முகத்தைப் புகைக்கு நேரே வைத்துக்கொண்டு நின்றார். மூக்குத்துளைகள் விரிந்து சுருங்குவதைப் பார்த்தேன். கேட்கவேண்டாம் என்று இருந்தேன், அவராகவே சொன்னார்.

"எரியுது. ஆனா மணக்கல."

பிறகு காரில் ஏறி அந்தச் சிற்றூருக்குக் கிளம்பினோம்.

முற்றத்து நீராவிப் பெட்டி

நாங்கள் தங்கிய விடுதியை நடத்தியவர் ஹிரோகோ என்ற அம்மையார். என்னைவிடச் சில வயது மூத்தவர். முற்றத்தில் கல்லால் கட்டிய பெட்டி ஒன்று இருந்தது. பூமியிலிருந்து வரும் ஆவியை அதற்குள் திருப்பியிருந்தார்கள். மூங்கில் கூடையில் காயோ கிழங்கோ வைத்து, மரமூடியால் மூடிவிட்டால் வெந்துவிடும். அடுப்பு இல்லை, விறகு இல்லை. எங்களைத் தவிர ஒசாகாவிலிருந்து வந்த வயதான தம்பதி மட்டும் தங்கியிருந்தார்கள். முற்றத்தின் கோடியில் குளியலறைகள். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று.

கோமதி தன் பையிலிருந்து இட்லித்தட்டை எடுத்தாள். ரவை இட்லி மாவுப் பொட்டலமும் கொண்டுவந்திருந்தாள்.

"நாளைக்குக் காலைல எரிமலை இட்லி!"

"இட்லிக்கு எரிமலை வேணுமாக்கும்" என்றார் அவர். அவ்வளவுதான். இரவு உணவுக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சோளமும் கூடையிலிருந்து வந்தன. கிழங்கு எப்படி இருக்கிறது என்று ஹிரோகோ கேட்டதை மகள் மொழிபெயர்த்தாள். "சூடா இருக்கு" என்றார் இவர்.

மறுநாள் விடிந்தபோது குளிர் கடித்தது. காற்று ஏறத்தாழ இல்லை. ஊரின் ஆவியெல்லாம் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, மிக மெதுவாக ஆற்றின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. முந்தைய நாளைவிட மணம் கடுமையாக இருந்தது. கோமதி குளிக்கப் போயிருந்தாள். நான் பெட்டியருகே நின்று தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒசாகாப் பெரியவரும் அவர் மனைவியும் முட்டைக் கூடையோடு முறை பார்த்துக் காத்திருந்தார்கள். ஹிரோகோ அவர்களுக்கு மூடியைத் தூக்கிக் கொடுத்தார். ஊரைச் சுற்றிப் பார்க்கப் போன என் கணவர் வாசல் வழியே உள்ளே வந்தார்.

மூன்று நான்கு அடி வந்திருப்பார். நின்றார்.

"ஹவா தேக்கோ!"

அந்தக் குரலை நான் அதற்குமுன் நேரில் கேட்டதே இல்லை. பாலைவனத்துக்கு உரிய குரல் அது. வீட்டுக்கு அதை அவர் கொண்டுவந்ததில்லை.

"கேஸ்! கேஸ்! பாக்னா நை! ஹவா தேக்கோ! யல்லா, யல்லா, இதர் ஆவோ!" கிளம்பு, இந்தப் பக்கம் வா.

ஜப்பானிய மலைக்கிராமம் ஒன்றில், காலை வேளையில், அவர் வாயில் வந்தது சைட் இந்தியும் அரபியும். ஆனால் அந்த மூன்று ஜப்பானியர்களும் புரியாமல் விழிக்கவில்லை. நிலம் நடுங்கும் நாட்டில் பிறந்தவர்களுக்கு அந்தத் தொனி புரிந்துவிடுகிறது. ஒசாகாப் பெரியவர் கூடையைத் தரையில் வைத்துவிட்டு மனைவியின் கையைப் பிடித்தார். ஹிரோகோ மூடியை விட்டார். நான் இட்லித்தட்டோடு ஓடப் பார்த்தேன். "தட்டப் போடு செண்பகம்! ஓடாத, நட!"

அங்கே காற்றுப்பை ஏது? அவர் ஆவியைப் பார்த்தார். அது சாயும் திசைக்குக் குறுக்கே எங்களை விலக்கி, பின்கட்டு மேட்டில் பழுத்து நின்ற ஒரு பெர்சிமன் மரத்தடிக்கு நடத்திக்கொண்டு போனார். நான் முந்தைய நாள் முதல் முகர்ந்துகொண்டிருந்த அதே மணம்தான். இந்த ஊரே இப்படித்தான் மணக்கும் என்று அறிந்தவள்தான். ஆனால் அந்தக் குரலைக் கேட்டபின் என் மூக்கை நம்ப எனக்குத் துணிவு வரவில்லை. ஒருவேளை இன்று வேறாக இருந்தால்?

மேட்டில் நின்றதும் விரலை நீட்டி எண்ணினார். முகம் மாறியது.

"கோமு எங்க?"

"குளிக்கப் போனா."

குளியலறை சரிவின் கீழே, ஆவிக்குள் இருந்தது. அவர் ஓர் அடி எடுத்து வைத்தார். அடுத்த அடி வரவில்லை. மேட்டின் விளிம்புக் கல்லில் பாதங்கள் நின்றுவிட்டன. வலது கை மெல்ல உயர்ந்து, பிடரிக்குப் பின்னே போய், தம் சட்டைக் காலரைத் தாமே இறுகப் பற்றிக்கொண்டது. யாரோ ஒருவர் ஒரு காலத்தில் பற்றியதுபோல.

அப்படியே நின்றுகொண்டு கூப்பிட்டார். "கோமூ! கோமதீ! வெளிய வா! எதையும் எடுக்காத, வா! கோமூ!"

அந்தக் குரல் உடைவதைக் கேட்டேன். கால்கள் நகரவில்லை.

கதவு இழுபட்டது. விடுதியில் கொடுத்த நீலப் பருத்தி அங்கியைச் சுற்றிக்கொண்டு, ஈரத்தலை சொட்டச் சொட்ட, மகள் வெளியே வந்தாள்.

"என்னாச்சுப்பா? நிலநடுக்கமா?"

"கேஸுடி! மேல வா! குறுக்க வா! மணக்குல்லா!"

"ஐயோ அப்பா, இந்த ஊர் எப்பவுமே இப்படித்தான். நேத்து கார்ல வரும்போதே..." என்று சொல்லிக்கொண்டே ஏறி வந்தவள், நடுவில் நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு அவரை.

"அப்பா. உங்களுக்கு மணக்குதா?"

பெட்டியின் மூடி சரியாக மூடாமல் ஆவி சீறிக்கொண்டிருந்தது.

அவர் காலரிலிருந்து கையை எடுத்தார். பிறகு, தம் வாழ்நாள் முழுவதும் பிறரைச் செய்யவிடாத ஒரு காரியத்தைச் செய்தார். கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"மணக்கு" என்றார். "அழுகின முட்டை. நல்லா மணக்கு."

அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். கோமதி அவர் தோளில் ஈரத்தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே சிரித்தாள். அதற்கு நடுவே ஜப்பானிய மொழியில் மற்றவர்களுக்கு விளக்கவும் முயன்றாள். எந்த அளவு விளங்கியதோ. ஹிரோகோ வாயைப் பொத்திக்கொண்டார். ஒசாகாப் பெரியவர் என் கணவருக்கு முன்னே இடுப்பு வளையக் குனிந்தார். அவர் மனைவி கீழே போய், முந்தின ஈட்டில் வெந்து ஆறியிருந்த முட்டை ஒன்றை உரித்துக் கொண்டுவந்து, முகர்ந்து பார்க்கும்படி சைகை காட்டினார். என் கணவர் கவனமாக முகர்ந்தார்.

"இது நல்ல முட்டை. இதுல ஒண்ணும் மணக்கல" என்றார்.

மொழிபெயர்ப்பைக் கேட்ட ஒசாகா அம்மையார் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த பறவைகள் பறந்தன.

கீழே வைத்த ஜன்னல்

அதன்பின் ஹிரோகோ அவரைக் குளியலறைப் பக்கம் அழைத்துப்போய்க் காட்டினார். சுவரில் கேஸ் மீட்டர் மாட்டியிருந்தது. தரையை ஒட்டி நீளமான திறப்புகள் இருந்தன. இந்தக் காற்று கனமானது, கீழே தங்கும். அதனால் ஜன்னல் கீழே. காற்று இல்லாத காலைகளில் எல்லாவற்றையும் திறந்துவிட்ட பிறகே யாரையும் உள்ளே விடுவேன் என்றார். மகள் மொழிபெயர்க்குமுன்பே இவர் தலையாட்டினார். ஒரே ஆபத்தோடு வாழ்கிற இருவர், ஒருவர் வழக்கத்தை மற்றவர் விசாரித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்கள். எங்கள் கிணற்றடியில் இதைக் கண்டால் விலகிப் போகிறோம்; இவர்கள் இதில் குளிக்கிறார்கள் என்று வியந்துகொண்டே இருந்தார்.

கீழே போட்ட மாவு போனது போக, மீதியில் இட்லி வெந்தது. பொடியும் எண்ணெயும் வைத்தேன். ஒரு விள்ளல் வாயில் போட்டவர் முகத்தைச் சுளித்தார்.

"இட்லில எரிமலை மணக்கு. நல்லால்ல."

எத்தனை காலமாக நான் காத்திருந்த குறை அது! அதைக் கேட்ட மகிழ்ச்சியில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சாப்பிட்டு முடித்தபின் அவர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "செண்பகம், நான் உள்ள போகல. பாத்தியா?"

"பாத்தேன்."

"எம்புள்ள உள்ள இருக்கா. தெரிஞ்சும் நின்னுட்டேன்."

அது மகளின் காதில் விழுந்துவிட்டது. "உள்ள வந்திருந்தா நான்தான் கத்தியிருப்பேன்ப்பா. அது லேடீஸ் சைடு." அவர் சிரிக்கவில்லை. அவள் அருகே வந்து உட்கார்ந்தாள். "வெளிய நின்னு பேர் சொல்லிக் கூப்பிடணும்னு நீங்கதான சொல்லுவீங்க? எனக்குக் கேட்டிச்சு. அதான் வந்தேன்."

அவர் அவள் ஈரத்தலையைத் துண்டால் துவட்டத் தொடங்கினார். அவள் பள்ளிக்குப் போன நாட்களில் விடுப்பில் வரும்போது செய்ததுபோல, கொஞ்சம் முரட்டுத்தனமாக.

மணம் திரும்பியதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் என் பெருமை அதில் இல்லை. நரம்பு வளர்வதற்கு யாரும் பெருமைப்பட முடியாது. அவர் முதலில் பார்த்தது ஒசாகா முதியவர்களை. பேரும் மொழியும் தெரியாதவர்களை. நடத்திக் கூட்டிப்போனார், ஓட விடவில்லை. தன் மகள் என்று வந்தபோதும், பிறர் பிள்ளைகளுக்குச் சொன்ன விதியைத் தனக்கு மாற்றிக்கொள்ளவில்லை. அது எவ்வளவு வலித்தது என்பதை அவர் கையைப் பார்த்தவள் நான். இப்படி ஒரு மனிதரோடு இத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும், அவர் வேலை செய்வதை முதன்முதலாக அன்றுதான் கண்டேன். பல நூல்களைப் படித்திருக்கிறேன். அந்தக் காலை எனக்கு அவற்றுக்கு நிகர்.

ரூவியில்

டாக்டர் எரிமலைக்கு எந்தப் பெருமையும் கொடுக்கவில்லை. நரம்பு முன்பே தளிர்க்கத் தொடங்கியிருக்கும். கடுமையான ஒரு மணம் வந்ததும் தெரிந்திருக்கிறது என்றார். எல்லாம் ஒரேயடியாகத் திரும்பவும் இல்லை. காபி சில மாதம் எரிந்த டயராக மணத்தது. மல்லிகை இன்னும் வரவில்லை. பெருங்காயம் வந்துவிட்டது, என் ரசம் பழையபடி தேர்வெழுதுகிறது.

மஸ்கட் திரும்பிய வாரமே அவர் தொலைபேசியை எடுத்தார். "ஸாலிம் பாய், க்ளாஸ் கப்?" வகுப்பு எப்போது? மறுமுனையில் எழுந்த ஆரவாரத்தில் இவர் தொலைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். மூக்கு முழுதாக வரவில்லையே என்று நான் கேட்டேன். "மூக்கை வச்சா பாடம் எடுக்கப் போறேன்?" என்றார். முன்பு மேலாளர் சொன்னபோது ஏற்காத அதே நியாயம். நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

இசக்கிக்குத்தான் வருத்தம். "அப்ப அண்ணன் ஊருக்குப் போவ மாட்டாவளா மதினி?" என்றான். இப்போதைக்கு இல்லை என்றேன்.

அவர் மறுபடி பாலைவனத்துக்குப் போய்வருகிறார். கிளம்பும் காலையில் பையை நான் கட்டவில்லை, அவரே கட்டிக்கொண்டார். பேருந்து தெருமுனையில் திரும்பும்வரை பால்கனியில் நின்றேன். கோமதி தன் எரிமலைத் தீவில் இருக்கிறாள். அவர் தகரக் கொட்டகையில் புதுப்பையன்களின் முன்னே நிற்கிறார்.

இந்த வாரம் ரூவி வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன்.